நட்ட மூன்று ஆவாரையும் பட்டுப்போயின: சேலத்தில் வீட்டில் வளர்த்தவர்கள் சொல்லுங்கள்

கொண்டலாம்பட்டிக்காரன் | 17 ஜனவரி 2023

எல்லோருக்கும் பொங்கல் வாழ்த்துகள், இரண்டு நாள் தாமதமாக.

சின்ன வயதில் போகிக்கு முந்தின நாள் அப்பாவோடு கரட்டுக்குப் போய்ப் பூளைப்பூவும் ஆவாரம்பூவும் ஒடித்து வருவோம். வேப்பங்கொத்தோடு சேர்த்து வாசல், மாட்டுக்கொட்டகை, கிணற்று மோட்டார், சைக்கிள் என்று கண்ணில் பட்டதற்கெல்லாம் காப்புக் கட்டுவோம். இந்த வருடம் அதே கட்டைக் கடைத்தெருவில் காசு கொடுத்து வாங்கினேன். பூளைப்பூ நிறைய இருந்தது, ஆவாரம்பூ இரண்டே கொத்து, அதுவும் வாடல். நாங்கள் பூ ஒடித்த கரட்டில் இப்போது மனைக்கல் நட்டிருக்கிறார்கள்.

அதனால் வீட்டுக்குக் கிழக்கே காலியாகக் கிடக்கும் இடத்தில் ஆவாரையே வைத்துவிடுவது என்று ஐப்பசியிலேயே முடிவு செய்திருந்தேன். மழை விட்ட மறுநாள் ரோட்டோரத்தில் இடுப்பு உயரத்துக்கு நின்ற மூன்று செடிகளைக் கடப்பாரை போட்டுப் பெயர்த்து வந்து நட்டேன். குழி நிறையத் தொழு உரம், மண்புழு உரம். காலை மாலை தவறாமல் தண்ணீர். பத்தே நாளில் இலை கொட்டி மூன்றும் பட்டுப்போயின.

பிறகு ஒரு நர்சரியில் 'ஆவாரை' என்று சொல்லிக் கொடுத்த செடியை வாங்கி வைத்தேன். அது தளதளவென்று நிற்கிறது, மஞ்சள் பூவும் பூக்கிறது. ஆனால் அம்மா அதைப் பார்த்துவிட்டு, 'இது நம்ம ஆவாரை இல்லையே' என்கிறார். ரோஜா வளர்கிற என் கையில் ரோட்டோரச் செடி வளராதா?

ஓமலூர்_தோட்டக்காரி | 17 ஜனவரி 2023

காலை மாலை தண்ணீரா? ஆவாரைக்கா? தம்பி, கேட்கவே மூச்சு முட்டுகிறது.

முதலில் அந்தக் கடப்பாரை வேலை. ஆவாரைக்கு ஆணிவேர். மேலே இடுப்பு உயரம் என்றால் கீழே கல்லிடுக்கில் அதைவிட ஆழமாக இறங்கியிருக்கும். நீங்கள் கொண்டுவந்தது செடி இல்லை, விறகு. அந்த வேரை அறுத்த அன்றே அதன் கதை முடிந்தது. பத்து நாள் இலை நின்றது தண்டில் மிச்சமிருந்த ஈரத்தால். அதற்கு மேல் அறுந்த வேரைச் சுற்றி உரமும் ஈரமுமாக ஊறவைத்திருக்கிறீர்கள். அழுகாமல் என்ன செய்யும்?

விதைதான் வழி. இப்போது தை மாதம், காய் முற்றிப் பழுப்பாகிக் காகிதம் போலச் சலசலக்கும் நேரம். மாசிக்குள் ஒரு பை பறித்து வையுங்கள். கறுப்புப் பொட்டு மாதிரி ஓட்டை உள்ள காயைத் தொடாதீர்கள், உள்ளே வண்டு விதையைத் தின்று முடித்திருக்கும். விதைப்பது ஆடிப்பட்டத்தில். விதை சேர்த்ததும் இங்கே வந்து சொல்லுங்கள், மீதியை அப்போது சொல்கிறேன். இப்போதே சொன்னால் இப்போதே ஊன்றிவிடுவீர்கள் போலிருக்கிறது.

கணக்குப்பிள்ளை | 18 ஜனவரி 2023

எனக்கு இந்த ஆசையே புரியவில்லை. தானாக முளைக்கிற புதரைப் பணமும் நேரமும் செலவழித்து வளர்ப்பானேன்? பனமரத்துப்பட்டிப் பக்கம் போய்ப் பாருங்கள், அரளி வைத்துக் குடும்பமே பிழைக்கிறது. அந்த இடத்தில் பத்து அரளிச் செடி வைத்தால் பூவுக்குப் பூ, காசுக்குக் காசு.

கொண்டலாம்பட்டிக்காரன் | 18 ஜனவரி 2023

தானாக முளைக்கிற இடமெல்லாம் போய்விட்டது, அதுதான் சிக்கல் ஐயா. அரளி வேண்டாம், வீட்டில் ஒரு வயதுப் பேத்தி இருக்கிறாள், கையில் கிடைத்ததை வாயில் வைக்கிற பருவம்.

பழைய_வாத்தியார் | 18 ஜனவரி 2023

அரளி விஷயத்தில் நீங்கள் செய்வது சரி. இலை, பூ, தண்டு என்று எல்லாமே நஞ்சு.

உங்கள் அம்மா சொல்வதும் சரியாகத்தான் இருக்கும். முப்பது வருடம் தாவரவியல் நடத்தியவன் என்ற முறையில் மூன்று அடையாளம் சொல்கிறேன், நர்சரிச் செடியோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இலைக்காம்பு தண்டில் சேரும் இடத்தில் காது மடல் மாதிரி இரண்டு பெரிய பச்சைச் செதில்கள் இருக்கின்றனவா? அதற்கு இலையடிச் செதில் என்று பெயர். ஆவாரையில் அது அகலமாக, சிறுநீரக வடிவில், நுனியில் ஒரு முள்போல் நீண்டு, உதிராமல் நிற்கும். சென்னா ஆரிகுலாட்டா என்ற பெயரே அந்தக் காதால் வந்ததுதான். அடுத்தது காய். ஆவாரங்காய் தட்டையாக, மெல்லியதாக, விதை இருக்கும் இடம் புடைத்துத் தெரியும். மூன்றாவது பூ. பத்து மகரந்தத் தாள்களில் மேலே உள்ள மூன்று மலடு, சிறுத்திருக்கும். நர்சரிகளில் ஆவாரை என்ற பெயரில் அதிகம் கைமாறுவது சென்னா சுராட்டென்சிஸ். அதில் பத்துத் தாளும் மகரந்தம் தரும், காதுச் செதில் மெல்லிய நூல்போல இருக்கும். அழகான செடிதான், ஆனால் உங்கள் அப்பாவோடு நீங்கள் ஒடித்த பூ அதுவல்ல.

கொண்டலாம்பட்டிக்காரன் | 19 ஜனவரி 2023

ஐயா, டார்ச் அடித்துப் பார்த்தேன். காது இல்லை. நூல்தான் இருக்கிறது. அம்மா ஒரு வார்த்தையும் பேசவில்லை, சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டார்.

வெள்ளைக்கல் | 19 ஜனவரி 2023

நான் மாமாங்கம் பக்கம். எங்கள் மண்ணில் மேக்னசைட் வெள்ளைக்கல் கலந்து கிடக்கிறது, போர்த் தண்ணீர் வாளியின் ஓரத்தில் வெள்ளையாகப் படிகிறது. ரோஜா மூன்று முறை வைத்து மூன்று முறையும் இலை மஞ்சளித்துப் போயிற்று. மதிலுக்கு வெளியே ஆவாரை மட்டும் யாரும் வைக்காமலே நிற்கிறது. களர் நிலத்தைத் திருத்துவதற்கு எங்கள் தாத்தா காலத்தில் ஆவாரந்தழையை வண்டி வண்டியாக வெட்டி வயலில் போட்டு மிதிப்பார்களாம். உப்புத் தண்ணீர் வீட்டுக்காரர்கள் பயப்படாமல் வைக்கலாம்.

மொட்டைமாடி | 20 ஜனவரி 2023

தழை உரத்துக்குப் போட்டது இது பயறு வகைக் குடும்பம் என்பதால்தானே? வேர் முடிச்சில் தழைச்சத்து சேர்த்து வைக்கும், பக்கத்துச் செடிக்கும் நல்லது என்று ஒரு காணொளியில் பார்த்தேன்.

பழைய_வாத்தியார் | 20 ஜனவரி 2023

குடும்பம் சரி, முடிவு தவறு. அவரை, தட்டை, கொளுஞ்சி போல எல்லாமும் முடிச்சு விடுவதில்லை. சென்னா பேரினத்துச் செடிகளில் பொதுவாக வேர் முடிச்சு கிடையாது. ஆவாரந்தழை உரமானது அதன் இலையில் உள்ள சத்தால்தான். ஆவாரையைப் பக்கத்தில் நட்டால் தக்காளி செழிக்கும் என்று நம்பி யாரும் ஏமாற வேண்டாம்.

பட்டையைப் பற்றியும் ஒரு வார்த்தை. தோல் பதனிடுவதற்கு ஒரு காலத்தில் சென்னை மாகாணம் முழுவதும் ஆவாரம்பட்டைதான். துவர்ப்பு மிகுந்த பட்டை. பிறகு வாட்டில் மரப்பட்டை வந்து அதன் இடத்தைப் பிடித்தது. பட்டைக்காக வருடா வருடம் வெட்டியும் அடியிலிருந்து தழைத்துக்கொண்டே இருந்த செடி இது. கத்தரிக்கப் பயப்படுகிறவர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

காப்பிக்காடு | 22 ஜனவரி 2023

நான் ஏற்காட்டிலிருந்து எழுதுகிறேன், நாகலூர் ரோட்டில் சின்னக் காப்பித் தோட்டம். போன வருடம் அடிவாரத்திலிருந்து விதை கொண்டுவந்து சில்வர் ஓக் மரங்களுக்கு இடையில் போட்டேன். முளைத்தது, ஒரு சாண் வளர்ந்தது, மார்கழிப் பனியில் இலையெல்லாம் புள்ளி விழுந்து சுருண்டுவிட்டது. அதிகத் தண்ணீரும் விடவில்லை, உரமும் போடவில்லை. என் தவறு என்ன?

ஓமலூர்_தோட்டக்காரி | 22 ஜனவரி 2023

உங்கள் தவறு இருபது கொண்டை ஊசி வளைவு. அடிவாரத்தில் பஸ் ஜன்னலில் எட்டிப் பார்த்தால் ஆவாரை தெரியும். மேலே ஏற ஏறக் காணாமல் போகும், நீங்கள் தினமும் போகிற வழிதானே அண்ணா? ஐயாயிரம் அடி உயரத்தில், பனியில், மர நிழலில் அதை நிறுத்தினால் அது என்ன செய்யும், பாவம்.

காப்பிக்காடு | 22 ஜனவரி 2023

இத்தனை வருடம் அந்த வழியில் ஏறி இறங்கியும் அதைக் கவனித்ததில்லை அக்கா. சரி, மலைக்கு ஏற்ற நம் ஊர்ப் புதர்ச்செடி ஏதாவது சொல்லுங்கள். வேலியெல்லாம் உண்ணிச்செடி ஏறிக் கிடக்கிறது. அதை வெட்டி வெட்டி ஆட்களுக்குக் கை ஓய்ந்துவிட்டது. அந்த இடத்தில் வேறு எதையாவது நிறுத்தவேண்டும். குறிஞ்சியைப் பெயர்த்து வந்து வைக்கச் சொல்கிறார் ஒருவர்.

பழைய_வாத்தியார் | 23 ஜனவரி 2023

குறிஞ்சியைத் தொடாதீர்கள். பன்னிரண்டு வருடத்துக்கு ஒரு முறை பூத்து, விதை விட்டுச் சாகிற செடி. கூட்டமாகப் பூத்தால்தான் அதற்குப் பிழைப்பு. ஒன்றைப் பெயர்த்து வந்து வேலியில் வைத்து என்ன காணப்போகிறீர்கள்?

பாவட்டை வையுங்கள். காப்பியின் குடும்பம்தான், பூவைப் பார்த்தாலே உறவு தெரியும்: வெள்ளை, மணம், கொத்துக் கொத்தாக. நிழலைத் தாங்கும். இலையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் கரும்புள்ளிகள் தெரியும், நோய் என்று நினைத்து மருந்து அடித்துவிடாதீர்கள். அவை பாக்டீரியா குடியிருக்கும் முடிச்சுகள், அந்தச் செடிக்கு இயல்பானவை. வெயில் படுகிற ஓரத்தில் வெட்சி வைக்கலாம், அதுவும் அதே குடும்பம். நர்சரிக் குட்டை வகையாக இல்லாமல் நாட்டு வெட்சியாகப் பார்த்து வாங்குங்கள்.

காப்பிக்காடு | 23 ஜனவரி 2023

பாவட்டையா! ஓடை ஓரத்தில் தானாகவே நிற்கிறதே. ஆட்கள் களை என்று வெட்டுகிறார்கள், நாளைக்கே நிறுத்தச் சொல்கிறேன்.

நடந்துபோகிறவர் | 2 பிப்ரவரி 2023

சர்க்கரைக்கு ஆவாரம்பூ நல்லது என்கிறார்களே, ஒரு நாளைக்கு எத்தனை பூ போட்டுக் குடிக்கலாம்? மாத்திரையை நிறுத்திவிடலாமா? 'ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ' என்று பெரியவர்கள் சும்மா சொல்லவில்லையே.

மட்டுறுத்துநர் | 2 பிப்ரவரி 2023

மாத்திரையை நிறுத்தாதீர்கள். பூ குடிப்பதென்றாலும் உங்களுக்குப் பார்க்கும் மருத்துவரிடம் சொல்லிவிட்டுக் குடியுங்கள், இரண்டும் சேர்ந்தால் சர்க்கரை தாழ்ந்துபோகும் வாய்ப்பு உண்டு. பழமொழி பூவைப் புகழ்கிறது, அளவு சொல்லவில்லை. இந்த இழை செடி வளர்ப்பதற்கு, மருத்துவக் கேள்விகளுக்கு வேறு பகுதி இருக்கிறது.

கொண்டலாம்பட்டிக்காரன் | 19 ஜூலை 2023

அக்கா, ஆடி பிறந்துவிட்டது. மாசியில் கஞ்சமலை அடிவாரத்தில் ஓர் உறவினர் காட்டிலிருந்து காய் பறித்தேன். ஓட்டை விழுந்ததைக் கழித்தது போகச் சரியாக நாற்பது விதை. பழுப்பாக, பளபளவென்று, கல் மாதிரி இருக்கின்றன. நகத்தால் அழுத்தினால் நகம்தான் வலிக்கிறது.

ஓமலூர்_தோட்டக்காரி | 19 ஜூலை 2023

அந்தக் கல்தான் அதன் சாமர்த்தியம். ஒரு மழைக்கு எல்லாம் முளைத்து அடுத்த காய்ச்சலில் மொத்தமாகச் சாகாமல், இந்த வருடம் கொஞ்சம், அடுத்த வருடம் கொஞ்சம் என்று மண்ணில் காத்திருக்கும். உங்களுக்கு அவ்வளவு பொறுமை இருக்காது.

தண்ணீரைக் கொதிக்கவைத்து அடுப்பிலிருந்து இறக்குங்கள். இறக்கிய பிறகு விதையைப் போடவேண்டும், அடுப்பில் வைத்தே போட்டால் சுண்டல்தான். அப்படியே ஆறவிட்டு இரவு முழுதும் ஊறட்டும். காலையில் சில விதை இரண்டு மடங்கு உப்பியிருக்கும், அவை தயார். உப்பாததை உப்புத்தாளில் ஒரு பக்கம் மட்டும் லேசாகத் தேய்த்து மறுபடி ஊறப் போடுங்கள். கண் இருக்கும் முனையைத் தேய்க்காதீர்கள்.

நேராக நிலத்தில் ஊன்றுவது உத்தமம். பையில்தான் போடுவேன் என்றால் உயரமான பை வாங்குங்கள், செம்மண்ணும் மணலும் சரிபாதி, உரம் ஒரு பிடிக்கு மேல் வேண்டாம். விரற்கடை ஆழம் போதும். பைக்கு அடியில் வேர் எட்டிப் பார்க்கும் முன் நிலத்துக்கு மாற்றிவிட வேண்டும். மாற்றும்போது மண்கட்டி உடைந்தால் பழைய கதைதான்.

மொட்டைமாடித் தம்பிக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: தொட்டி என்றால் பழைய டிரம் மாதிரி ஆழமானது, அடியில் நாலு ஓட்டை.

கொண்டலாம்பட்டிக்காரன் | 11 ஆகஸ்ட் 2023

கணக்கு: நாற்பதில் முதல் இரவில் உப்பியவை 14. தேய்த்த பிறகு இன்னும் 11. இந்த 25-இல் முளைத்தவை 19. நிலத்தில் நேராக ஊன்றியதில் எட்டும், பையில் பதினொன்றும். இலை இரவில் கூப்பிக்கொள்கிறது, பேத்தி அதற்குத் தூக்கம் வந்துவிட்டது என்கிறாள்.

உப்பாத 15 விதையைத் தூக்கிப் போட மனம் வரவில்லை. வேலி ஓரமாக இறைத்துவிட்டேன்.

மொட்டைமாடி | 3 டிசம்பர் 2023

எனக்கும் ஆறு செடி டிரம்மில் முழங்கால் உயரம் வந்துவிட்டது. இரண்டு பிரச்சினை. ஒன்று, இலைக்காம்பு முழுவதும் எறும்பு. இரண்டு, பச்சைப்புழு, ஒரே வாரத்தில் இரண்டு செடியை மொட்டையடித்துவிட்டது. எறும்புப் பொடி தூவிவிட்டேன், புழுவுக்கு என்ன மருந்து அடிக்கலாம்?

பழைய_வாத்தியார் | 3 டிசம்பர் 2023

பொடியை உடனே கழுவிவிடுங்கள். ஒவ்வோர் இலையடுக்கிலும் இரண்டு சிற்றிலைகளுக்கு நடுவே குச்சிபோல் ஒரு சுரப்பி நிற்கும், பூதக்கண்ணாடி இல்லாமலே தெரியும். எறும்பு அதில் வரும் இனிப்புக்காகத்தான் வந்திருக்கிறது. பதிலுக்கு இலையைக் கடிக்க வருவதைக் கொஞ்சம் விரட்டிக்கொடுக்கும்.

புழு, வெளிர்மஞ்சளில் கூட்டமாகப் பறக்குமே அந்த வண்ணத்துப்பூச்சியினுடையது. கொன்றையும் ஆவாரையும்தான் அதன் குழந்தைகளுக்குச் சாப்பாடு. மருந்து வேண்டாம். மொட்டையான செடி மறுபடி துளிர்க்கும். சின்னச் செடியாக இருக்கிறதே என்று பதறினால் பாதிப் புழுவைப் பெரிய செடிக்கு மாற்றுங்கள், அவ்வளவுதான். மாவுப்பூச்சி வந்தால் மட்டும் வேப்பெண்ணெயும் சோப்பும் கரைத்து அடிக்கலாம்.

கணக்குப்பிள்ளை | 4 டிசம்பர் 2023

ஆக, எறும்புக்கும் புழுவுக்கும் சோறு போடுவதற்கு ஒரு செடி. நல்ல கணக்கு.

ஓமலூர்_தோட்டக்காரி | 4 டிசம்பர் 2023

கணக்குப்பிள்ளை ஐயா, ஆடு கடிக்காத, மருந்து கேட்காத, சித்திரை வெயிலில் தண்ணீர் கேட்காத வேலி வேறு ஏதாவது உங்கள் ஏட்டில் இருந்தால் சொல்லுங்கள், நானும் வைக்கிறேன்.

கொண்டலாம்பட்டிக்காரன் | 28 ஏப்ரல் 2024

வெயில் மண்டையைப் பிளக்கிறது. நிலத்தில் ஊன்றிய எட்டில் ஏழு நிற்கிறது. பையிலிருந்து மாற்றியதில் ஆறு. அக்கா சொன்னபடி பத்து நாளைக்கு ஒரு தடவை மட்டும் தண்ணீர். ஒன்று சொல்லவேண்டும்: ஊரில் இல்லாத வாரம் தெரியாமல் மனைவி தினமும் குழாயைத் திறந்துவிட்ட இடத்தில்தான் இரண்டு செடி அடித்தண்டு கறுத்துப் போயிற்று. மற்றது எதற்கும் ஒன்றும் ஆகவில்லை. யார் சொன்னது சரி என்று வீட்டில் இனிமேல் விவாதம் இல்லை.

பூ மட்டும் இன்னும் காணோம்.

ஓமலூர்_தோட்டக்காரி | 29 ஏப்ரல் 2024

இப்போது நுனியை ஒடித்துவிடுங்கள், பக்கக் கிளை வெடிக்கும். பூ வருவது புதுக் கிளை நுனியில். அடுத்த வருடம் முதல் பூ ஓய்ந்ததும் முழங்கால் உயரத்துக்கு வெட்டுங்கள். வெட்டாமல் விட்டால் உயரம் போய் அடி மொட்டையாகிவிடும். வெட்டிய குச்சியை எறியாதீர்கள், பல் துலக்க ஆகும்.

வெள்ளைக்கல் | 6 அக்டோபர் 2024

ஹைதராபாத்தில் மகள் வீட்டுக்கு வந்திருக்கிறேன். பதுகம்மா பண்டிகைக்குத் தட்டில் அடுக்கிய பூவில் பாதி நம் ஆவாரை! தங்கேடு என்கிறார்கள். தெலங்கானாவின் மாநிலப் பூவே அதுதானாம். இங்கேயும் பெண்கள் கூடையோடு ஊருக்கு வெளியே தேடிப் போய்ப் பறித்து வருகிறார்கள். என் மதிலுக்கு வெளியே நிற்பதைச் சொன்னேன், சம்பந்தியம்மாள் என்னை ஒரு பணக்காரனைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

பழைய_வாத்தியார் | 6 அக்டோபர் 2024

நம் பக்கமும் அதற்குப் பழைய மரியாதை உண்டு. சங்கப் பாட்டில் மடலேறுகிற தலைவன் பனைமடல் குதிரைக்குச் சூட்டும் மாலை ஆவிரம்பூவில் கட்டியது. மானத்தை விட்டவன் சூட்டும் பூ என்பதால் எங்கள் வகுப்பில் பையன்கள் அந்தப் பாடத்துக்கு மட்டும் நிமிர்ந்து உட்காருவார்கள்.

கொண்டலாம்பட்டிக்காரன் | 14 நவம்பர் 2024

பூத்துவிட்டது.

நிலத்தில் நேராக ஊன்றிய ஏழில் நாலு. மாற்றி நட்டவை இன்னும் மொட்டில். காலையில் கருவண்டு ஒன்று வந்து பூவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு 'உம்ம்' என்று நடுங்குகிறது. பூவே அதிர்கிறது. ஐயா, அது ஏன்?

பழைய_வாத்தியார் | 14 நவம்பர் 2024

அந்தப் பூவில் தேன் கிடையாது, மகரந்தம்தான் கூலி. அதுவும் பையின் நுனியில் உள்ள சின்னத் துளை வழியாக மட்டுமே வெளியே வரும், உப்புக் குப்பி மாதிரி. வண்டு சிறகுத் தசையை அதிரவைத்துக் குலுக்கி எடுக்கிறது. அந்தச் சத்தம் கேட்கிற தோட்டத்தில் காய் பிடிக்கும்.

மொட்டைமாடி | 15 நவம்பர் 2024

என் டிரம் செடியும் பூத்தது, ஆனால் நாலாவது மாடிக்கு வண்டு வருவதில்லை. பூ அப்படியே உதிர்கிறது. பரவாயில்லை, வண்ணத்துப்பூச்சி வருகிறது.

கொண்டலாம்பட்டிக்காரன் | 13 ஜனவரி 2025

இன்று போகி. விடிவதற்குள் அம்மா கத்திரியோடு இறங்கிவிட்டார். பத்துக் கொத்து. பூளைப்பூவை மட்டும் வெளியில் வாங்கினோம். வாசல், வண்டி, பேத்தியின் மூன்று சக்கர சைக்கிள் எல்லாவற்றிலும் காப்பு. பக்கத்து வீட்டுக்கு இரண்டு கொத்து கொடுத்ததில் அவர்கள் வாசலிலும் எங்கள் பூ.

இன்னொன்று. 2023-இல் வேலி ஓரம் இறைத்த அந்த 15 விதையில் மூன்று இந்த மழையில் முளைத்திருக்கிறது.

கணக்குப்பிள்ளை | 13 ஜனவரி 2025

காய் முற்றியதும் பத்து விதை எனக்கு எடுத்து வையுங்கள். வீட்டில் கேட்கிறார்கள்.

ஓமலூர்_தோட்டக்காரி | 13 ஜனவரி 2025

ஓட்டை இல்லாத காயாகப் பார்த்துக் கொடுங்கள் தம்பி. அவர் எண்ணிப் பார்ப்பார்.